போகிறேன் என்றவனும் வருகிறேன் என்றவர்களும்

முன்னொரு காலத்தில் முத்தங்கரை என்றொரு கடற்கரை நாட்டை தீரவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் உலகத்தில் தன் நாட்டு வழக்கம் ஒன்றே வழக்கம், மற்றதெல்லாம் காட்டுத்தனம் என்று ஒரு நினைப்பு. அவனுக்கு ஜால்ரா போட சபாரத்தினம் என்றொரு தளவாய். இந்த இரண்டு பேரையும் கட்டி மேய்த்தே மந்திரி தில்லைக்கூத்தருக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

அந்த நாட்டுக்குக் கடல் தாண்டிக் குதிரை விற்க வந்தான் இலியாஸ். அவன் குதிரைகளை ராஜா புகழ்ந்த நாளிலிருந்தே தளவாய்க்கு வயிற்றெரிச்சல். அரைகுறைத் தமிழ் பேசும் இலியாஸ் ஒருநாள் சபையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு, கும்பிட்டு, "ராஜா, நான் போகிறேன்" என்றான்.

சபை அதிர்ந்தது. அந்த ஊரில் செத்தவன்தான் போவான். உயிரோடு இருப்பவன் "வருகிறேன்" என்றுதான் விடைபெறுவான்.

"பிரபு! சிம்மாசனத்துக்கு முன்னாலேயே அபசகுனம்!" என்று குதித்தார் சபாரத்தினம்.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நாக்குதான் உண்டு, நாகரிகம் கிடையாது. அந்த நாக்கை அறுத்துவிடுங்கள்!" என்றான் ராஜா.

என்ன தப்பு செய்தோம் என்றே இலியாஸுக்குப் புரியவில்லை.

"பிரபு, தெரியாமல் சொல்லிவிட்டான்" என்றார் மந்திரி.

"வார்த்தை என்றால் வார்த்தைதான்! மனசில் என்ன நினைத்தான் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்றார் தளவாய்.

"அதுதான் நம் சட்டம்" என்றான் ராஜா.

மந்திரி பெருமூச்சு விட்டார். "சரி, அறுங்கள். ஆனால் இவன்மேல் இன்னொரு சந்தேகமும் உண்டு. தனி ஆள், கூடாரத்தில் தினமும் ஊருக்கே சமைக்கிறானாம். யாருக்கு என்று முதலில் கேட்டுவிடுவோம். நாக்கு போனபிறகு கேட்டால் எப்படிச் சொல்வான்?"

"யாருக்கடா சமைத்தாய்?" என்று உறுமினான் ராஜா.

இலியாஸ் தளவாயைக் காட்டினான். "இவருக்கு. குதிரை பார்க்க வந்தார். கிளம்பும்போது 'வருகிறேன்' என்றார். சமைத்துவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. அரண்மனை வைத்தியரும் அப்படியே சொன்னார். வரவில்லை. புரோகிதர் சொன்னார், அவருக்காகத் தனிப் பானை வாங்கினேன். அவரும் வரவில்லை."

சபையில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"ராஜாவும் சொன்னார்" என்றான் இலியாஸ் மெதுவாக. "ஒரு முழு ஆடு. விடிய விடியக் காத்திருந்தேன். எங்கள் ஊரில் போகிறவன் போகிறேன் என்பான். இந்த நாட்டில் ராஜாவிலிருந்து எல்லோரும் பொய்யர்கள், நாங்கள்தான் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொண்டேன்."

"நான் பொய்யனா?" ராஜா எழுந்தே விட்டான். "அது ஒரு பேச்சு மந்திரி! விடைபெறும்போது சொல்வது! மனசில் என்ன நினைத்தேன் என்றால்..."

"மனசில் நினைத்ததை யார் கேட்டார்கள் பிரபு? வார்த்தை என்றால் வார்த்தைதானே? பொய் சொன்ன நாக்குக்கும் நம் நாட்டில் அதே தண்டனைதான். கத்தியைத் தீட்டச் சொல்லவா? யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம்? தளவாயிடமிருந்தா?"

சபாரத்தினம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மந்திரிக்குப் பொறுமை போய்விட்டது. "இவன் உங்களைப் பொய்யர் என்கிறான். நீங்கள் இவனை அபசகுனம் என்கிறீர்கள். கும்பிட்டு விடைபெற்றதற்கு ஒரு வெட்டுக்குத்தா? ஆளுக்கொரு கர்வத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு என் உயிரை ஏன் வாங்குகிறீர்கள்?"

ராஜா கொஞ்சநேரம் முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இலியாஸ், தப்பு என்னுடையது. இன்று ராத்திரி உன் கூடாரத்தில்தான் எனக்குச் சாப்பாடு. மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?"

"நாளை ஒருநாள் சபைக்கு விடுமுறை, பிரபு."

"தந்தேன். தளவாயே, நீர் இதுவரை எங்கெல்லாம் 'வருகிறேன்' என்று சொன்னீரோ, அங்கெல்லாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாரும். வார்த்தை என்றால் வார்த்தைதான்!"

சபாரத்தினத்தின் முகம் வெளுத்தது. பெரிய சண்டை போட்டுவிட்டு மாமியார் வீட்டிலிருந்து கிளம்பியபோதும், பழக்கதோஷத்தில் அவர் அதைச் சொல்லித் தொலைத்திருந்தார்.

இலியாஸ் கப்பலேறும் நாளில், "போய்..." என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "வருகிறேன்" என்றான். மறு வருஷம் சொன்னபடியே வந்தான்.

சபாரத்தினம்தான் பாவம். அதன்பிறகு யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாயே திறப்பதில்லை. "போகிறேன்" என்றால் அபசகுனம், "வருகிறேன்" என்றால் சாப்பாடு. ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.