தமயந்தியின் சுய அறிமுகம்

"நிறுத்தாம இங்கிலீஷ் பேசணும் மேடம். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க, போதும். இந்தக் கதை, கவிதை, நாடகமெல்லாம் எதுக்கு?"

கேட்டவளுக்கு வயது நாற்பத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்தொன்று.

திருச்சியில் அது ஒரு மாலைக் கல்லூரி. பகலெல்லாம் வேலை பார்த்தவர்கள் ஐந்து மணிக்கு மேல் வந்து ஆங்கில இலக்கியம் படிப்பார்கள். தமயந்தி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா. பதினொரு வருடமாக மூன்று மாடி ஏறி இறங்கித் தரை துடைக்கிறாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பாடம் நடத்தும் ஹெப்சிபா மட்டும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறபடி 'தமயந்தி' என்பாள், வாங்க போங்க போட்டு.

அன்று நடத்தியது ஒரு பழைய நாடகம். போருக்குப் போன மகனுக்காக ஒரு தாய் வாசலிலேயே காத்திருக்கிறாள். தூதன் ஒருவன் வருகிறான். வந்தவன் பேசாமல் நிற்கிறான். பிறகு ஒரே ஒரு வரி சொல்கிறான், 'ஹீ வில் நாட் கம்', அவன் வரமாட்டான் என்று. சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நாடகம் முழுக்க அவனுக்கு அவ்வளவுதான் வேலை.

அந்த இடத்தை வாசித்தபோது, தூதன் நின்ற இடத்தில் ஹெப்சிபாவும் நின்றாள். அரை நிமிடம் இருக்கும். மேடம் வரியைத் தவறவிட்டுவிட்டார் என்று நினைத்து, கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் முபாரக் முன் பெஞ்சிலிருந்து பக்க எண்ணை எடுத்துக் கொடுத்தான்.

அந்த வகுப்பு முடிந்துதான் தமயந்தி வந்து இப்படிக் கேட்டது.

ஹெப்சிபா திருப்பிக் கேட்டாள். "அந்தத் தூதன் வந்ததும் ஏன் பேசல?"

கைடில் இருந்த மூன்று காரணங்களையும் தமயந்தி ஆங்கிலத்தில் ஒப்பித்தாள், மூச்சு விடாமல்.

"பரீட்சையில இதுக்குப் பத்துக்கு எட்டு போடுவாங்க."

"அது சரி மேடம். நான் கேட்டதுக்கு?"

"நேர்காணல் என்னைக்கு?"

"திங்கக்கிழமை."

"வெள்ளிக்கிழமை வகுப்புல ஒரு தடவ பேசிக் காட்டுங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

தமயந்தியின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய மருத்துவமனையில் உதவி மேசைக்கு ஆள் எடுத்தார்கள். வெளிமாநிலத்து நோயாளிகள் நிறைய வருவதால் இங்கிலீஷ் தெரிய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அவளுக்கு முழங்கால் இரண்டும் போயிருந்தன. இனிமேல் மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த டாக்டரின் அறை மூன்றாவது மாடியில். அதைத் துடைப்பதும் தமயந்திதான்.

நேர்காணலில் முதல் கேள்வி என்னவென்று ஊருக்கே தெரியும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். அதற்கு அந்தக் கல்லூரியில் ஒரு ஜெராக்ஸ் தாள் உண்டு. யார் எழுதியது என்று தெரியாது. வருடா வருடம் மூத்த மாணவர்கள் கைமாற்றிவிட்டுப் போவார்கள். பெயர், ஊர், அப்பா பெயர், கணவர் பெயர் என்று அங்கங்கே கோடு போட்டிருக்கும். கோட்டை நிரப்பி மனப்பாடம் செய்துவிட்டால் சுய அறிமுகம் தயார். அந்தத் தாளின்படி அங்கே படித்த எல்லோருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பதும் பாட்டுக் கேட்பதும். எல்லோருடைய பலவீனமும் ஒன்றே ஒன்றுதான், அளவுக்கு மீறி உழைத்துவிடுவது. தமயந்தியைப் பொறுத்தவரை அந்த ஒரு வரி உண்மை.

முதல் வருடமே அவள் தாளை நிரப்பிவிட்டாள். வீட்டில் அதைக் கேட்டுச் சரிபார்த்தது அவள் கணவர். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர். இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. இரவு சாப்பிட்டு முடித்ததும் தாளை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். சில நாள் தலைகீழாகவும் பிடித்திருப்பார். அவள் நின்றால் தப்பு, நிற்காமல் போனால் சரி. அவர் வைத்திருந்த கணக்கு அதுதான்.

"நின்னுட்ட பாத்தியா. மொதல்லேர்ந்து சொல்லு," என்பார்.

முதலிலிருந்து சொல்வாள். ஒரு வருடத்தில் அவளுக்கு அது தண்ணி பட்ட பாடாகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

போன ஆடி மாதம் மண்டியில் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வகுப்பு மொத்தமும் போய் வந்தது. ஹெப்சிபாவும் போயிருந்தாள். பதினேழாம் நாள் தமயந்தி வகுப்புக்கு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றாள். ஹெப்சிபா நாற்காலியை நகர்த்திப்போட்டு, நேர்காணல் செய்கிறவர் மாதிரி உட்கார்ந்துகொண்டாள். தமயந்தி ஆரம்பித்தாள். பெயர் வந்தது, லால்குடிப் பக்கத்துச் சொந்த ஊர் வந்தது, அப்பா பெயர் வந்தது. எங்கேயும் ஒரு திக்கல் இல்லை.

"மை ஹஸ்பண்ட்ஸ் நேம் இஸ் மிஸ்டர் கதிரேசன். ஹீ இஸ் வொர்க்கிங் இன் மார்க்கெட். ஹீ இஸ் மை ஸ்ட்ரெங்த்."

பிறகு பொழுதுபோக்கு, பலவீனம், நன்றி. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

கை தட்டினார்கள். ஆரம்பித்த வேகத்திலேயே அது தேய்ந்து நின்றது. முபாரக் தலையைக் குனிந்துகொண்டான். ஹெப்சிபா கை தட்டவே இல்லை.

எல்லோரும் போன பிறகு தமயந்தி கேட்டாள். "எதுல தப்பு மேடம்?"

"ஒரு தப்பும் இல்ல."

"எங்கயாச்சும் நின்னேனா?"

"நிக்கல."

"அப்ப நீங்க மட்டும் ஏன் கை தட்டல?"

ஹெப்சிபா "இதையே தமிழ்ல ஒரு தடவ சொல்லுங்க," என்றாள்.

"தமிழ்லயா? அதுல என்ன இருக்கு?" தமயந்தி சிரித்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். "என் பேரு தமயந்தி. சொந்த ஊரு லால்குடிப் பக்கம். எங்கப்பா பேரு மாணிக்கம். வீட்டுக்காரர் பேரு…"

நின்றுவிட்டாள்.

மின்விசிறியை யாரோ போகிற போக்கில் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வராந்தாவில் சைக்கிள் எடுக்கிற சத்தம் கேட்டது. ஹெப்சிபா எடுத்துக்கொடுக்கவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. தமயந்தி வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா மேடம்?" என்றாள். "தெரிஞ்சுதான் சொல்றேன். அந்த வரிய எடுத்துட்டுச் சொல்லிப் பாத்தேன். அடுத்த வரி வரமாட்டேங்குது."

"அதுக்காகவா வெச்சிருக்கீங்க?"

தமயந்தி இல்லை என்று தலையாட்டினாள்.

"எங்க பக்கமெல்லாம் வீட்டுக்காரர் பேரச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிற பொம்பளதான் எடுத்துச் சொல்லும். இருபது வருஷத்துல அவரு பேர நான் வாய் விட்டுச் சொன்னது இந்தத் தாள்லதான். மொத தடவ சொன்னப்ப அவருக்கு வெக்கம். தாள வெச்சு மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு. அப்புறம் தெனமும் அந்த வரி வந்ததும், 'கேக்கல, இன்னொரு தடவ சொல்லு'ம்பாரு. அவரு காது நல்லாத்தான் கேக்கும்."

சொல்லிவிட்டு அழுதாள். ஹெப்சிபாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போடுகிறவள் வேலை அல்ல இது என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த வரிய எடுத்துடவா மேடம்?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானே டீச்சர்."

"மத்த வரியெல்லாம் யார் வேணும்னாலும் எடுக்கலாம், சேர்க்கலாம். அது ஜெராக்ஸ். இது ஒண்ணுதான் உங்களோடது. நான் கை வைக்க மாட்டேன்."

"திங்கக்கிழமை என்ன பண்ண?"

"போயிட்டு வாங்க."

தமயந்தி எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனாள். வெறும் போயிட்டு வாங்கதானா என்று அவளுக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது. படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினாள். ஹெப்சிபா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரி பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், இவளுக்கு நாற்காலி கிடைக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை தமயந்தி வகுப்புக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கே வந்துவிட்டாள். ஹெப்சிபா அதற்கும் முன்பே வந்து காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"நின்னுட்டேன் மேடம்."

"எங்க?"

"அந்த வரியிலதான். வாய் வரைக்கும் வந்துருச்சு. இங்க தமிழ்ல சொல்லப் பாத்தது ஞாபகம் வந்துச்சு. அப்படியே நின்னுட்டேன். எதிர்ல மூணு பேரு உக்காந்திருக்காங்க. ஏசி சத்தம் மட்டும் கேக்குது. அதுல ஒரு அம்மா தண்ணி கிளாஸ என் பக்கம் நகத்தி வெச்சாங்க."

"அப்புறம்?"

"தாள்ல இல்லாததச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

தமயந்தி எதிரே பார்த்தபடி அதைத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"மை. ஹஸ்பண்ட். கதிரேசன். டெட். இன். ஆடி."

ஹெப்சிபா காத்திருந்தாள்.

"மிஸ்டர் போடல மேடம். வெறும் பேரு. ஆடிக்கு இங்கிலீஷ்ல என்னன்னும் வரல." பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவரு செத்துட்டாருன்னு நான் வாயால சொன்னது அதான் மொத தடவ. தமிழ்லகூட யார்கிட்டயும் சொன்னதில்ல. துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் தெரிஞ்சுதானே வந்தாங்க. நான் யாருக்குச் சொல்ல?"

"அவங்க என்ன சொன்னாங்க?"

"எழுதிட்டிருந்தவரு பேனாவக் கீழ வெச்சுட்டாரு. எனக்கும் அதுக்கு மேல எதுவும் வரல. கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

"வேலை?"

"காலையில நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க. வேற ஒரு பொண்ணு பேரு. நல்ல பொண்ணாத்தான் இருக்கு. அந்த போர்டுக்குக் கீழதான் இன்னைக்குத் தொடச்சுக்கிட்டிருந்தேன்."

"அன்னைக்கு நான் பேசாம கை தட்டியிருக்கணும். என்னாலதான்."

"இல்ல மேடம். நேத்து வீட்டுக்குப் போயி அவரு போட்டோவுக்கு முன்னாடி நின்னு பேரச் சொன்னேன். தமிழ்லயே. ரெண்டு தடவ சொன்னேன்."

வராந்தாவில் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முபாரக் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுகொண்டான். மற்றவர்களையும் கை காட்டி நிறுத்தினான்.

தமயந்தி பெஞ்சைத் தடவியபடி சொன்னாள். "ஒண்ணுதான் மேடம் மனசுல கெடந்து அறுக்குது. ரெண்டரை வருஷமா வேலை முடிஞ்ச காலோட இங்க வந்து படிச்சேன். கைடு, நாடகம், ஸ்போக்கன் இங்கிலீஷ், எல்லாந்தான். கடைசியில சொந்தமா வாயில வந்தது ஆறே ஆறு வார்த்தை."

ஹெப்சிபா மேசையிலிருந்த நாடகப் புத்தகத்தை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திருப்பி, தூதனின் வரியில் விரலை வைத்து, தமயந்தியின் மடியில் வைத்தாள்.

"அவனுக்கு நாலுதான்க்கா."