வெள்ளை முளை

“ஒரே வார்த்தைங்கம்மா. போகலாமா, கூடாதா? சொல்லிப்போடுங்க.”

தெய்வானை மக்காச்சோளக் கதிர் ஒன்றின் மடலை உரித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் மூன்று வாரமாக இதைக் கேட்கிறார். சீடருக்கு ஐம்பத்தாறு வயது, குருவுக்கு நாற்பத்திரண்டு. உடுமலைப்பேட்டையில் ‘முப்பதே நாளில் ஆங்கிலம்’ என்று போர்டு மாட்டி இருபது வருடம் ஊரைப் பேச வைத்தவர் சென்னியப்பன். ஒரு பாஷைக்கே முப்பது நாள் போதும் என்னும்போது ஞானத்துக்கு நாலு மாதம் தாராளம் என்பது அவர் கட்சி.

தெய்வானை கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டுவிட்டுக் சோளக்காட்டில் விவசாயம் பார்க்க வந்துவிட்டார். மனசு சரியில்லாதவர்கள் வந்து சற்று நேரம் அவரருகே உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர் அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே கூட்டம் வந்தது.

“அனுமதி இல்லாமப் போனா என்ன?” என்று கேட்டார் தெய்வானை.

“நோட்டீஸ்ல ‘குருவின் நல்லாசியுடன்’னு போட்டாச்சுங்களே.”

வரும் வெள்ளியில்லை, அடுத்த வெள்ளி. மாலை ஆறு மணி. கல்யாண மண்டபம். சென்னியப்பனின் முதல் அருளுரை. இரண்டு சம்பந்தி வீட்டாரும் வருகிறார்கள். முன்வரிசை.

தெய்வானை உரித்த கதிரை நீட்டினார்.

“இதென்னங்கம்மா?”

“பாருங்க.”

வரிசை வரிசையாக மஞ்சள் மணிகள். நடுநடுவே வெள்ளை மணிகள். வெள்ளை மணி ஒவ்வொன்றும் முளைத்திருந்தது. கதிரிலேயே, மடலுக்குள்ளேயே, வேர்கூட விட்டிருந்தது. மஞ்சளில் ஒன்றுகூட அசையவில்லை.

சென்னியப்பனுக்குப் புல்லரித்தது.

“புரிஞ்சுபோச்சுங்கம்மா.”

“என்ன புரிஞ்சுது?”

“ஊரே தூங்குது. ஒருத்தன் மட்டும் முழிச்சுக்கறான். அவனுக்கு மண்ணு வேண்டாம், மழை வேண்டாம். தாய் இடுப்புல இருக்கறப்பவே ஞானம்.”

தெய்வானை கதிரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்படி எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுபவர் போல.

“அப்படின்னா அந்த ஒருத்தனைக் கொண்டுபோய் நட்டு வையுங்க” என்றார்.

“அப்ப அனுமதி?”

“மண்டபத்துக்குப் போற அன்னிக்குக் காலைல வாங்க.”

நன்றாக முளைத்த வெள்ளை மணி ஒன்றைத் தொட்டியில் நட்டு மொட்டை மாடியில் வைத்தார் சென்னியப்பன். நல்ல வெயில். முழித்துக்கொண்டவனுக்கு நிழல் எதற்கு?

ஐந்தாம் நாள் இலை வந்தது. பால் வெள்ளை. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை.

“சீக்குப் புடிச்சதாட்டம் இருக்குது” என்றார் மனைவி.

“உனக்கென்ன தெரியும்? இது சாத்வீகம்.”

படம் எடுத்துச் சம்பந்திகளுக்கு அனுப்பினார். பெரிய சம்பந்தி கும்பிடு போட்டார். சின்னவர், ‘பூச்சி மருந்து அடிக்கவும்’ என்று பதில் அனுப்பினார்.

தினமும் செடியின் எதிரே உட்கார்ந்து அருளுரையைப் பேசிப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம். செடி பொறுமையாகக் கேட்டது.

ஒன்பதாம் நாள் நுனி காய்ந்தது. இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார். பதினோராம் நாள் தலை தொங்கியது. அன்றிரவு அருளுரையில் முக்கால் மணி நேரத்தை வெட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, தொட்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தெய்வானை கதிர் உரிக்கும் களத்தில் வெயிலில் தொட்டியை வைத்தார்.

“சாகுதுங்கம்மா.”

“ஆமா. சாகும்.”

“தெரிஞ்சேதான் நடச் சொன்னீங்களா?”

“முளைச்சது. நடாம என்ன பண்றது?”

சென்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “நான் என்ன தப்புப் பண்ணுனேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலை. அதுகிட்ட மஞ்சள் இல்லை.”

“மஞ்சள்ல என்னங்க இருக்குது? வெறும் கலர்தானுங்களே?”

“அந்தக் கலரைத்தான் செடி வெட்டி நறுக்கி ஒரு ஹார்மோன் பண்ணிக்குது. விதைகிட்டப் போயி, ‘இப்ப வேண்டாம், தூங்கு’ன்னு சொல்ற ஹார்மோன்.”

“ஹார்மோன்னா டாக்டர் சமாச்சாரமில்லைங்களா?”

“செடிக்கும் உண்டு. ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுக்கறதுதான் இல்லை.”

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்தார்.

“அப்ப இது முழிச்சது…”

“முழிக்கலை. தூங்கத் தெரியலை.”

காக்கை ஒன்று களத்தில் இறங்கி, சென்னியப்பனைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போய் உட்கார்ந்தது.

“சரிங்க, தூங்காட்டிப் போகட்டும். இலை ஏன் வெளுத்துச்சு?”

“பச்சை வந்துதான் இருக்கும். வரவர வெயில் எரிச்சிருக்கும். மஞ்சள் இருந்தா இலைக்குள்ள அதுக்குக் குடை புடிச்சிருக்கும்.”

“ரெண்டு வேலையும் அதே மஞ்சளுங்களா?”

“ஒரே சாதி மஞ்சள்.”

“இத்தனை நாள் எதைத் தின்னு நின்னுதுங்க?”

“அம்மா கட்டிக் குடுத்த சோத்தை. விதைக்குள்ள இருந்தது. அது தீர்ந்துபோச்சு.”

சென்னியப்பன் மிச்சமிருந்த முக்கால் மணி நேர அருளுரையில் எந்த வரி தன்னுடையது என்று தேடிப் பார்த்தார். வணக்கம் என்பது அவருடையது. சம்பந்திகளை வரவேற்கும் இடமும் அவருடையதுதான்.

“எனக்கு மஞ்சள் இருக்குதுங்களாம்மா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் சோளம் பாக்கறவ.”

“இல்லைங்க… அனுமதி?”

“போய்ட்டு வாங்க” என்றார் தெய்வானை.

சென்னியப்பன் நிமிர்ந்தார். காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் கேட்டார். “நிசமாலுமா?”

“நிசமாத்தான். நல்லாசியும் உண்டு. நோட்டீஸ் பொய்யாக வேண்டாம்.”

அவர் அடுத்த கதிரை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

சென்னியப்பன் எழுந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. மண்டபத்துக்காரர்.

“மேடையில சாருக்கு நாற்காலி போடறதா, சோபாவுங்களா?”

“கொஞ்சம் இருங்க” என்றார் சென்னியப்பன்.

“சோபான்னா இப்பவே சொல்லணுங்க. சாயங்காலம் சொன்னா ஆளு கிடைக்காது.”

“இருங்க.”

“அலோ? லைன்ல இருக்கீங்களா? நாற்காலியா, சோபாவா?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் போனைக் காதில் வைத்தபடியே இரண்டு அடி கிழக்கே தள்ளி நின்றார். அவர் நிழல் தொட்டியின் மேல் விழுந்தது.