பவளத்தின் வயிற்றில் இருந்த நண்டு

சின்னவர்களே, பக்கத்தில் வந்து உட்காருங்கள். பெரியவர்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

கடலுக்கு இப்போதைவிட வயது குறைவாக இருந்த காலம் அது. தென்கரையில் முத்துக் குளிப்பவர்களின் ஊர் ஒன்று இருந்தது. குளிப்பவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மூழ்குவான். மறுமுனையைத் தோணியிலிருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவன், அதாவது மச்சான். வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது!

இன்னொரு வழக்கமும் உண்டு. குளிக்கும் மாதத்தில் பயம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. சொன்னால் கடல் கேட்டுவிடுமாம். போகப் போக, கயிற்றைத் தடவிச் சரிபார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். சரிபார்ப்பவனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள்.

அந்த ஊரில் திரையன் என்றொருவன் முத்துக் குளித்தான். அவன் மகள் பவளத்துக்கு ஆறு வயது. போன வருஷம் ஒரு தோணியில் கயிறு மட்டும் மேலே வந்தது, ஆள் வரவில்லை. கரையில் நின்று அவள் அதைப் பார்த்தாள். அன்று அவள் வயிற்றுக்குள் ஒரு நண்டு குடியேறியது. சாப்பிட்டால் கிள்ளியது. படுத்தால் பிறாண்டியது. அப்பா கடலுக்குப் போனால் கொடுக்கை இறுக்கிக்கொண்டது.

அம்மாவிடம் போனாள். "அம்மா, எனக்கு என்னமோ பண்ணுது. அப்பா வராமப் போயிட்டா?"

"சீ, வாயை மூடு! சொல்ற பேச்சா இது?" என்றாள் அம்மா. நண்டு கொஞ்சம் வளர்ந்தது.

அத்தையிடம் போனாள். அத்தை அவள் வாயில் கருப்பட்டித் துண்டைத் திணித்து, "போய் விளையாடு கண்ணு" என்றாள். நண்டு கருப்பட்டியையும் தின்று வளர்ந்தது.

அப்பாவிடம் போனாள். "வயித்துல நண்டு கிள்ளுதுப்பா" என்றாள். "முத்துக் குளிக்கிறவன் மகள் மூக்கைச் சிந்தலாமாடி?" என்று அவன் சிரித்தான். நண்டு வயிறு முழுக்க நிறைந்தது.

சொல்ல இனி ஆளில்லை. நாளை காலை அப்பா போகிறார். பவளம் ஒரு யோசனை செய்தாள். கயிறு அறுந்திருந்தால் அப்பா போக மாட்டார்!

முற்றத்தில் காய்ந்த கயிற்றைச் சிப்பி ஓட்டால் அறுத்தாள். மூன்று புரியில் ஒன்று போனது. இரண்டாவதில் பாதி போனது. "பவளம்!" என்று அம்மா கூப்பிட, கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினாள்.

காலையில் அப்பா அதை எடுத்தார். பார்க்கவில்லை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பவளம் பின்னாலேயே ஓடினாள். அப்பா கயிற்றைத் தோணியில் வைத்தபோது வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அப்பா இடுப்பில் முடிச்சுப் போட்டபோது மறுபடி திறந்தாள். வரவில்லை. தோணியைத் தள்ளினார்கள். அலை பவளத்தின் முழங்காலைத் தொட்டது.

மறுமுனையைப் பிடித்திருந்த மாமன் இடும்பன் திரும்பிப் பார்த்தான். "என்னடி மருமகளே, வெளிறிப் போய் நிக்கிற?"

"பயமா இருக்கு மாமா! கயிறு... நான்தான் அறுத்தேன்!"

கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லிட்டாளே பாவி!" என்று யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இடும்பன் கயிற்றைச் சாண் சாணாகத் தடவினான். அறுந்த இடம் கையில் தட்டுப்பட்டது. இரு கையாலும் வெட்டி இழுத்தான். பட்டென்று இரண்டாகிவிட்டது.

திரையன் கை ஓங்கினான். இடும்பன் குறுக்கே வந்தான்.

"அடிக்காதே மச்சான். போன வருஷத்துலேருந்து கயிறு பிடிக்கிறப்போ எனக்கும் பயமாத்தான் இருக்கு. வெளியில சொன்னா சிரிப்பீங்கன்னு இருந்துட்டேன்."

ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. திரையன் சொன்னான்: "தண்ணிக்குள்ள தலை போறப்போ எனக்கு மட்டும் என்ன வாழுதாம்?" பிறகு ஈரமணலில் மண்டியிட்டு மகளைப் பார்த்தான். "எங்கே கிள்ளுதும்மா? காட்டு."

அவள் வயிற்றைக் காட்டினாள். அவன் உள்ளங்கையை அங்கே வைத்தான்.

புதுக் கயிறு வந்தது. அதையும் தடவிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. "உங்கப்பன் தலை மேலே வந்ததும் என் துண்டைத் தூக்கிக் காட்டுறேன், பாத்துக்கிட்டே இரு" என்றான் மாமன்.

முத்துச்சிப்பி விளையும் முத்துப்பார் கண்ணுக்கெட்டும் தூரம்தான். முதல் முறை துண்டு எழுந்தது. இரண்டாம் முறையும் எழுந்தது. மூன்றாம் முறை எழவில்லை. நண்டு கொடுக்கை இறுக்கியது. பவளம், கரைக்கு வந்து நின்ற அம்மாவின் கையைப் பிடித்து, "பயமா இருக்கும்மா" என்றாள். அம்மா இந்தத் தடவை வாயை மூடு என்று சொல்லவில்லை. "எனக்கும்தான்டி" என்று அவளை இறுக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கடலையே பார்த்தபடி நின்றார்கள்.

துண்டு எழுந்தது.

நண்டு அவளை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் சுருங்கி, உள்ளங்கையில் அடங்கும் அளவாகிவிட்டது. அதன்பின் அந்த ஊரில் தோணி தள்ளும் முன் கயிற்றைத் தடவுவார்கள். தடவும்போதே, அவரவர் மனதில் கிள்ளுவது எது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

ஆகவே பிள்ளைகளே, பயத்தை உள்ளே பூட்டினால் அது வளர்ந்து நம்மையே தவறு செய்ய வைக்கும், வாய்விட்டுச் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வரும்.