கோத்தகிரி ஸ்டெர்னா

கோயம்புத்தூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள், விலை பேசுவதற்கு முன்னால் மெஹருன்னிசாவிடம் வருவார்கள். விற்கிறவர் சொல்கிற மாடல்தானா, வேறு மாடலுக்கு வேஷம் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது அவள் தொழில். அவள் ஒரு வண்டியைச் சுற்றி வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

அவளிடம் குழந்தைவேல் சீடராகச் சேர்ந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபது வயது மூத்தவர். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, கார் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

சேர்ந்த அன்றே கேட்டார்.

"பொய் வண்டியைக் கண்டுபிடிக்கறது எப்படீங்க மேடம்?"

மெஹர் ஒரு டார்ச்சை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்ல வண்டியைப் பாருங்கண்ணே."

மழைக்காலம் முழுக்க நல்ல வண்டிகளையே காட்டினாள். குழந்தைவேலுக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். வருஷக்கணக்காகப் பிரயாணிகளின் கண்ணைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்தவர் அல்லவா. ஒரு வண்டியில் முதல் ஏமாற்று வேலையை அவராகக் கண்டுபிடித்த நாளில், பேக்கரியில் எதிரே உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னார். மெஹர் கேட்டுக்கொண்டே தேங்காய் பன்னைத் தின்றாள். 

தை மாதத்தில் பீளமேட்டிலிருந்து ஒரு டாக்டர் கூப்பிட்டார். கோத்தகிரியில் ஒரு ஸ்டெர்னா கார் விலைக்கு வருகிறது, ஆர் மாடல் என்கிறார்கள், போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்டெர்னாவில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று வெறும் ஸ்டெர்னா. இன்னொன்று ஸ்டெர்னா ஆர். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆர் மாடலின் இன்ஜின் வேறு, பிரேக் வேறு, ஓட்டம் வேறு. நம் பக்கத்தில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் உண்டு.

"ஆரா இருந்தா மட்டும்தான் எனக்கு வேணும்," என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இருவரும் மலையேறினார்கள். கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவுக்கு நடுவில் ஒரு ஹட்டி. படுகர்களின் ஊரை அப்படித்தான் சொல்வது. வாசலில் கார் நின்றது. கருநீலம். கழுவித் துடைத்திருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு பெரியவர், தன்னைத்தான் பரிசோதிக்க வந்திருக்கிறார்கள் என்பதுபோல நின்றிருந்தார்.

"போஜன்ங்க," என்று கை கூப்பினார். "கண்ணு போயிட்டு இருக்குதுங்க. நேரா பார்த்தா தெரியுது, ஓரத்துல வர்றது தெரிய மாட்டேங்குது. கண்ணு டாக்டரு வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. நல்லா பார்த்துக்கறவங்க கையில போனா நிம்மதிங்க."

"ரொம்ப நாளா வச்சிருக்கீங்களா?" என்று மெஹர் கேட்டாள்.

"பதினெட்டு வருசம்ங்க. ஆர் மாடலுங்க இது. சும்மா இல்ல."

சொல்லும்போது அவர் கை தானாக டிக்கி மூடியில் இருந்த 'ஆர்' என்ற எழுத்தைத் தொட்டது.

"நீங்களே பாருங்கண்ணே," என்று மெஹர் சொன்னாள். "நான் ஜாக்கி எடுத்துட்டு வரேன்." கீழே சாலையோரம் விட்டிருந்த தங்கள் வண்டிக்கு நடந்தாள்.

தன்னிடம் முழுதாக விடப்பட்ட முதல் வண்டி. குழந்தைவேல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதலில் டிக்கியைத் திறந்தார். அசல் ஆர் மாடலில் அந்த எழுத்து இரண்டு ஊசிகளால் தகட்டுக்குள் இறங்கியிருக்கும். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினால் முனை தட்டுப்படும். தடவினார். வழவழவென்று இருந்தது. எழுத்தைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ரயில் பெட்டியில், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்கிற ஆளைப் பார்த்தவுடன் ஏறுமே, அதே சூடு.

முன் சீட்டைத் தள்ளித் தரையில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணைப் பார்த்தார். ஐந்தாவது எழுத்து எம் என்றால் ஆர் மாடல். அங்கே டி இருந்தது. பானெட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தார். வெறும் ஸ்டெர்னாவின் இன்ஜின். எழுத்து, எண், இன்ஜின். மூன்றும் ஒரே சாட்சி சொல்லிவிட்டன.

எழுந்து நின்று முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"இது ஆர் மாடல் இல்லீங்க," என்றார். "வெறும் ஸ்டெர்னா. எழுத்தைக் கடையில வாங்கி ஒட்டியிருக்காங்க. உங்களை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

போஜன் அவரையே பார்த்தார்.

"தெளிவா பார்த்தீங்களாங்க?"

"மூணு எடத்துல பார்த்துட்டனுங்க. சந்தேகமே இல்ல. பதினெட்டு வருசமா ஏமாந்திருக்கீங்க. யாருங்க வித்தது?"

"விக்கலைங்க." போஜன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "என் தம்பி ஆரி கொண்டுவந்து குடுத்தான். பெங்களூர்ல ரேஸ் வண்டி பட்டறையில இருந்தான். போன வருசம் தவறிட்டான்."

குழந்தைவேல் திறந்திருந்த பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார்.

"அவன் எனக்கு ஒரு பொய் சொன்னதில்லீங்க," என்றார் போஜன். சற்றுப் பொறுத்து, யாரிடமோ கேட்பதுபோல, "சொல்லியிருக்கான் பாருங்க," என்றார்.

வாசல்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். காரின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

மெஹர் ஜாக்கியோடு ஏறி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"முடிச்சுட்டீங்களாண்ணே?"

குழந்தைவேல் அவளைத் தள்ளி அழைத்துப் போய், கண்டுபிடித்ததையும் சொன்னதையும் தம்பி விஷயத்தையும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"சரி, ஆர் இல்ல," என்றாள். "அப்ப இது என்ன வண்டி?"

"வெறும் ஸ்டெர்னா மேடம்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது? அதான் தெரிஞ்சு போச்சே."

மெஹர் முன் சக்கரத்தின் பக்கம் ஜாக்கியை வைத்தாள். வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். குனிந்து பார்த்தவள் அப்படியே இருந்தாள்.

"அண்ணே. டார்ச்."

குழந்தைவேல் குனிந்தார். உள்ளே இருந்த பிரேக் டிஸ்க் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. வெறும் ஸ்டெர்னாவுக்கு அவ்வளவு பெரிய டிஸ்க் கிடையாது.

"இது ஆர் மாடல் பிரேக்குங்களே," என்றார்.

"அசல். ஆனா இந்த வண்டியில இது உட்காராது. எப்படி உட்கார்ந்திருக்கு பாருங்க."

வெளிச்சத்தை நகர்த்தினார். பிரேக்கைத் தாங்கி நிற்கிற இரும்புத் துண்டு கம்பெனியில் செய்தது இல்லை. அரத்தால் ராவிய தடம் அதன் விளிம்பில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் துளை போட்டு, ஆடிக் கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றினார்கள். நான்கிலும் அதே வேலை. பிரேக் குழாய்கள்கூட புதிதாக வளைத்துப் போட்டவை. ஒரு வளைவில்கூட நசுங்கல் இல்லை.

"இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"தெரியலண்ணே. நான் செஞ்சதில்ல. இப்படிச் செஞ்சு பார்த்ததும் இல்ல."

அவள் எழுந்து வாசல்படிக்குப் போனாள். போஜனுக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க தம்பி இந்த வண்டியைத் தர்றதுக்கு முன்னால நீங்க என்ன ஓட்டிட்டு இருந்தீங்க?"

"எதுவும் இல்லீங்க."

"அதுக்கும் முன்னால?"

போஜன் போர்வை நுனியைச் சுருட்டினார்.

"ஜீப்புங்க. மேட்டுப்பாளையம் எறங்கறப்ப பிரேக் நிக்கல. சம்சாரம் பக்கத்துல இருந்தா. ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்துச்சு, பொழைச்சோம். அவளுக்குக் கால் போச்சு. அப்புறம் நான் ஸ்டீயரிங்கைத் தொடலீங்க, ஆறேழு வருசம். ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாகூட பஸ்ஸுதான். அந்தக் காலோட அவளை பஸ்ஸுல ஏத்தி..." நிறுத்தினார். "அப்பதான் ஆரி வந்தான். அண்ணா, இது ஆர் மாடல், இதோட பிரேக் எந்த மலையிலயும் நிக்கும்னான். நான் மாட்டேன்னேன். பின்னால எழுத்தைக் காட்டினான். பாரு, எழுதியே இருக்குது, ஏறுன்னான். ஏறுனேன்."

"பிரேக் நின்னுச்சுங்களா?"

"ஒரு நாள்கூட என்னைக் கைவிடலீங்க."

"வந்து பாருங்க."

அவரைக் கைபிடித்து எழுப்பிக் கூட்டி வந்தாள். குழந்தைவேல் டார்ச்சைப் பிடித்தார். போஜனுக்கு நேராக இருப்பது மட்டும்தானே தெரியும், அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு இடமாக, மெதுவாக நகர்த்திக் காட்டினார்.

"இது வெறும் ஸ்டெர்னாங்க," என்றாள் மெஹர். "இன்ஜின் வெறும் ஸ்டெர்னா இன்ஜின். எழுத்து ஒட்டினது. பிரேக் மட்டும் அசல் ஆர். அதைக் கையால இதுல ஏத்தியிருக்காங்க. இந்த அரத்து வேலை யாருதுன்னு நீங்கதான் சொல்லணும்."

போஜன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த இரும்பின் விளிம்பை விரலால் தடவினார். திரும்பவும் தடவினார்.

"கம்பி முறுக்கிறது அவனுக்கு எப்பவுமே இடது பக்கமாத்தான் வரும்," என்றார்.  குழந்தைவேல் டார்ச்சை அணைக்கவும் தோன்றாமல் நின்றார்.

மெஹர் டாக்டருக்குப் போன் செய்தாள். போஜன் கேட்கும்படியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. ஆர் இல்லையென்றால் வேண்டாம் என்று டாக்டர் வைத்துவிட்டார்.

"வேண்டாங்கறாருங்க."

"இருக்கட்டுங்க," என்றார் போஜன். முகத்தைப் போர்வையால் துடைத்தார். "என் மருமகளுக்கு நல்லா ஓட்ட வரும். எத்தனையோ தடவை கேட்டா. ஒசந்த வண்டியாச்சே, இடிச்சுருவாளோன்னு நாந்தான் சாவியைக் குடுக்கல. நாளைக்கு எடுத்துக்கச் சொல்றேன்." பிறகு தயங்கி, "அந்த எழுத்தைப் பேத்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

"யாருக்காவது விக்கிறதா இருந்தா பேத்துருங்க," என்றாள் மெஹர். "வீட்டுலயே இருக்கறதுன்னா அது உங்க விருப்பம்."

காபி குடிக்காமல் விடமாட்டேன் என்றார் போஜன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசல்வரை வந்து குழந்தைவேலின் கையையும் பிடித்துக்கொண்டார். அதுதான் குழந்தைவேலுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மலையிறங்கும்போது குழந்தைவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சப்பனை செக்போஸ்டைத் தாண்டியபின் பேச்செடுத்தார்.

"மேடம், நான் அந்தப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை பொய் சொல்லலீங்க."

"இல்லண்ணே."

"எழுத்து ஒட்டினதுதான். சேசிஸ் எண்ணும் இன்ஜினும் வெறும் ஸ்டெர்னாதான். நீங்களும் அதையேதான் சொன்னீங்க."

"ஆமா."

"அப்புறம் நான் எங்கீங்க தப்பு பண்ணினேன்?"

மெஹர் கியரைக் குறைத்து வளைவை எடுத்தாள்.

"ஆர் இல்லைங்கறதை வண்டியைப் பார்த்துச் சொன்னீங்கண்ணே. ஏமாத்திட்டாங்கன்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?"

"எதையும் பார்க்கலீங்க மேடம், உடம்புல ஏறின சூட்டைத்தான் நம்பிட்டேன்," என்றார் குழந்தைவேல்.