சிப்பிப்பாறையா, கோம்பையா

சுடலைமுத்துவின் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. எந்த நாய் என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது.

அவர் கோம்பை என்றார். கழுத்து தடித்து, முகம் கறுத்து, காட்டுப்பன்றியையே மறித்து நிற்கும் இனம். மனைவி செண்பகவல்லி சிப்பிப்பாறை என்றாள். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், முயலை விரட்டப் பிறந்தது. மகளோடு ஓடி விளையாடும், அதைச் சாக்கிட்டாவது மகள் மறுபடி கொல்லைப்பக்கம் வருவாள் என்று நினைத்தாள்.

மகள் கொல்லையை எட்டிப் பார்த்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று நடுப்பகலில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த செண்பகவல்லியின் முன்னால் ஒருவன் மதிலேறிக் குதித்தான். கையில் அரிவாள். தாலிச் சங்கிலியை அறுத்த இழுப்பில் அவள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மகள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து தான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னார். போலீசிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மலையடிவார மடத்துக் குருவம்மாவுக்கு அவர் எட்டு வருஷச் சீடர். குருவம்மாவைவிட ஆறு வயது மூத்தவர்தான், ஆனாலும் மனசில் ஒன்று என்றால் அங்கேதான் போவார். மடத்தில் இரண்டு இன நாய்களும் இருந்தன. ஞாயிறு காலையில் மனைவியோடு போய் நடந்ததைச் சொன்னார். எது எங்கள் வீட்டுக்குச் சரிப்படும் என்று கேட்டார்.

"நாய் எதுக்கு?" என்றார் குருவம்மா.

"காவலுக்கும்மா."

"யாருக்கு?"

"வீட்டுக்குத்தான்."

குருவம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வளர்ந்த நாய்கள் இரண்டைப் பிடித்து வந்தார். சிப்பிப்பாறையின் கயிற்றைச் செண்பகவல்லியிடமும், கோம்பையின் கயிற்றைச் சுடலைமுத்துவிடமும் கொடுத்தார்.

"கண்மாய்க்கரை வரைக்கும் போயிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

நாய்கள் இரண்டும் நடக்கவில்லை, இழுத்தன. கரை ஏறுவதற்குள் செண்பகவல்லிக்கு உள்ளங்கை கன்றிவிட்டது. சுடலைமுத்துவுக்கு மூச்சு வாங்கியது. கரைமேல் பாதி தூரம் போயிருப்பார்கள். கருவேலம் புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்தது. அவ்வளவுதான், செண்பகவல்லியின் கையில் கயிறு இல்லை. சிப்பிப்பாறை காய்ந்த கண்மாய்க்குள் இறங்கி அம்பு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவள் பின்னாலேயே ஓடினாள்.

கோம்பை முயலைக் கவனிக்கவில்லை. எதிரே ஒரு பெரியவர் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தார். தோளில் தொரட்டி. அதன் நுனியிலிருந்த அரிவாள் வெயிலில் மின்னியது.

சுடலைமுத்துவின் கால்கள் நின்றன. கயிற்றைக் கையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடித்தார். நாய் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு பெரியவரைப் பார்த்தது. அதன் முதுகு முடி எழுந்தது, தொண்டைக்குள் உறுமியது. பெரியவர் இன்னும் நாலு எட்டு வைத்தார்.

சுடலைமுத்து சுற்றைப் பிரித்தார். கையைத் திறந்தார்.

பெரியவர் மல்லாக்க விழுந்தார். வேட்டி கிழிந்தது. "ஏலே, நாந்தாம்லே, நாந்தாம்லே" என்று நாயிடம் சொல்லிக்கொண்டே காலை உதைத்தார். சுடலைமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். ஓட வேண்டும் என்று தோன்றியது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

கண்மாய்க்குள்ளிருந்து செண்பகவல்லி ஏறி வந்தாள். வந்த வேகத்தில் அவரைத் தாண்டி நேரே நாயை நோக்கிப் போனாள். அவள் பின்கழுத்தில் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தது.

அப்போதுதான் அவர் ஓடினார். அவளைத் தள்ளிவிட்டு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். நாய் திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வியது. அவர் விடவில்லை. கத்தவும் இல்லை. நாய்தான் கடைசியில் வாயை எடுத்தது.

பெரியவருக்கு முழங்காலில் கீறல்தான். எழுந்து உட்கார்ந்து தொரட்டியைத் தேடி எடுத்துக்கொண்டார். சுடலைமுத்துவைப் பார்த்து, கோபமில்லாமல்தான் கேட்டார்.

"கயிறு நழுவலியேய்யா. நீதானே விட்ட? நான் உனக்கு என்ன செஞ்சேன்?"

செண்பகவல்லி புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அன்றைக்குத் தூங்கவில்லை என்றார். மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னார். அவன் குதித்ததையும் அரிவாளையும் பார்த்ததைச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டதையும் சொன்னார்.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் சேலைத் தலைப்பைக் கிழித்துப் பெரியவரின் முழங்காலைக் கட்டினாள். புருஷனின் கையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள், ஆனால் தொடவில்லை. சற்று நேரத்தில் சிப்பிப்பாறை வெறும் வாயோடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாகவே திரும்பி வந்தது.

மடத்தில் குருவம்மா அவர் கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், பெரியவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். எரிச்சல் பொறுக்காமலோ, வேறெதையோ பொறுக்காமலோ, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுடலைமுத்து குருவிடம் குரல் உயர்த்தினார்.

"இப்படிப் பாயுற நாய்னு தெரிஞ்சும் ஏம்மா என் கையில குடுத்தீங்க?"

"வாசல்ல இருக்காரே, இந்தச் சீனியப்பன், தினமும் அந்தக் கரை வழியாத்தான் வாராரு" என்றார் குருவம்மா. "அதே தொரட்டிதான். இது அவர் தூக்குச்சட்டியில கஞ்சி குடிச்சு வளந்த நாய்."

வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் காலடியில் கோம்பை படுத்திருந்தது. அவர் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அதைப் பார்த்தார்.

தூணோரம் தள்ளி நின்றிருந்த செண்பகவல்லி கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு எது சரிப்படும்னு நீங்களே சொல்லிருங்கம்மா."

குருவம்மா காயத்தின்மேல் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"ரெண்டும் நல்ல நாய்தான்மா. எதைக் கொண்டுபோனாலும் கயிறு இவர் கையிலதானே இருக்கும்?"