ஒரு வரி உதவி

நூலகங்களுக்காகப் பலர் கூடி இலவசமாக எழுதிய மென்பொருள் அது. அதன் முகத்தையே மாற்றத் திட்டமிடும் கூட்டத்தில், வடிவமைப்புத் தலைவர் கோவர்த்தனன் புதிய திரையைச் சுவரில் காட்டினார். பனி மூடிய ஏரி போல ஒரே வெள்ளை. அதன்மேல் ஒரு மேகம், ஒரு இறகு, பாதி நிலா என்று சின்னப் படங்கள் மிதந்தன. பார்த்துக்கொண்டிருந்த தில்லைக்கரசிக்குக் கண் கூசியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொத்தான்களுக்கு அவள் ஆறு வருடமாகத் தமிழில் எழுதிய சொற்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.

"புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்க எதை அழுத்தணும் சார்?"

"பார்த்தாலே புரியும்மா. உதவிப் பக்கத்தை ஒரே வரியில எழுதிடு. அதுக்கு மேல போனா உனக்கு எழுதத் தெரியலைன்னு அர்த்தம்."

சிலர் சிரித்தார்கள். அவள் நிதானமாக ஒரு வரி எழுதி, மாற்றங்களை எல்லோரும் பார்க்கும் பொதுப் பட்டியலில் சேர்த்தாள். தலைவர் ஒப்புதல் தந்தால்தான் எந்த மாற்றமும் மென்பொருளுக்குள் போகும். வரி சுவரில் தெரிந்தது.

"புரியாவிட்டால் கோவர்த்தனன் சாரைக் கைப்பேசியில் அழைக்கவும்."

"எண்ணை நீங்களே போட்டுடுங்க சார்," என்றாள். "பார்த்தாலே புரியும்னா யாரு கூப்பிடப் போறாங்க? இருக்கிறதே நானூறு நூலகம்தான்."

ஒப்புதல் பொத்தானின் மேல் அவருடைய அம்புக்குறி வெகுநேரம் மிதந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்புக்குறி மெல்ல விலகிப் போயிற்று.

"ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு சொல் போட்டா இடம் பத்துமாம்மா?"

"வெள்ளையா நிறைய விட்டு வச்சிருக்கீங்க சார்."