இறுக்கிக் கட்டிய தூவிப் பை

அந்தக் காலத்தில் வாத்துக்குப் பேச்சும் இருந்தது, வாய்த்துடுக்கும் இருந்தது. இப்போது துடுக்கு மட்டும்தான் மிச்சம்.

பனிமலைக்கு நடுவே ஓர் ஏரி. அதன் கரையில் ஒரு பெண் வாத்து நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில், மலையைக் கடக்க வந்த சுமைதூக்கி நஞ்சனும் அவன் மனைவி மாதியும் அங்கே கூடாரம் போட்டார்கள். மாதியின் இடுப்பில் நாற்பது நாள் பிள்ளை. பனி கொட்டியது. விறகெல்லாம் நனைந்து போனது. பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது.

மாதி வாத்திடம் ஓடினாள். "உன் நெஞ்சுத் தூவியைக் கொஞ்சம் குடு தாயே. எம்புள்ள விறைச்சுப் போகுது!"

"குடுத்துட்டா என் முட்டைங்க என்ன ஆவறது?"

மாதி பிள்ளையை நீட்டிக் காட்டினாள். வாத்து முட்டைகளைப் பார்த்தது, பிள்ளையைப் பார்த்தது. பிறகு நெஞ்சுச் சிறகுக்கு அடியில் பஞ்சுபோல இருந்த மெல்லிய தூவியை அலகால் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டது. வலித்தது. வலிக்கிறதென்று சத்தமாகவே சொன்னது.

மாதி இரண்டு துணிகளுக்கு நடுவே தூவியை நிரப்பிப் பையாகத் தைத்துப் பிள்ளையை அதற்குள் வைத்தாள். நஞ்சன் கயிற்றோடு வந்தான். விவரம் தெரிந்த நாள் முதல் மூட்டை கட்டியவன், சும்மா இருப்பானா? கழுத்துக்குக் கீழே பையைச் சுற்றிச் சுற்றி இறுக்கினான்.

"இறுக்கினாத்தானே சூடு வெளியே போகாது?" என்றான்.

பிள்ளை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. மாதி கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்; சில்லிட்டிருந்தது. அலறினாள்.

"அட கட்டையில போறவனே!" என்று வாத்து கத்தியது. "நான் என்ன உப்பு மூட்டையா குடுத்தேன்? தூவிக்குச் சொந்தமா சூடு ஏது? புள்ளையோட சூட்டைத்தான் அது புடிச்சு வைக்கும். வைக்க இடம் வேணாமா? அவிழ்த்து உதறுய்யா!"

நஞ்சன் கயிற்றை அவிழ்த்தான். மாதி பிள்ளையை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் உதற உதற, பை பூரிபோல உப்பியது. பிள்ளையை மறுபடி உள்ளே விட்டார்கள். சற்று நேரத்தில் கன்னம் வெதுவெதுத்தது. பிள்ளை பாலுக்கு அழுதது. நஞ்சன் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அங்கே வாத்து வெறும் தோலோடு முட்டைகள்மேல் உட்கார்ந்து நடுங்கியது. "எனக்கு நல்லா வேணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டது.

விடிந்ததும் வெயில் வந்தது. மாதி பையின் தையலைப் பிரித்து, தூவி முழுவதையும் முட்டைகளைச் சுற்றிப் பரப்பினாள். சில நாளில் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. நான்காவது முட்டை அந்தப் பனியிலேயே ஆறிப்போயிருந்தது. வாத்து அதை நெடுநேரம் அலகால் உருட்டிப் பார்த்தது.

அன்று முதல்தான், பனியில் கூடாரம் போடுகிறவர்கள் தூவிப் பையை நன்றாக உதறி உப்பவிட்டு அதற்குள் புகுகிறார்கள். வாத்தும், யாராவது வந்து கேட்பதற்கு முன்பே, தன் நெஞ்சுத் தூவியைத் தானே பிடுங்கி முட்டைகளுக்குப் போர்த்திவிடுகிறது.